மட்டித் தூள்

டின்னின் மேல் ஒரு நாய் பாய்கிறது,
நான்கு காலும் நிலத்தில் இல்லை.
ஃபினெட் அதை மோந்து பார்த்துவிட்டுத்
தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போனாள்,
பின்வலக்காலை
யாரிடமோ இரவல் வாங்கியதுபோல் பார்த்து வைத்து.

அறுபத்தெட்டுப் பிராங்.
பச்சை மட்டித் தூள், குளுக்கோசமின்,
வாயில் நுழையாத இன்னும் இரண்டு பெயர்.
ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
மூன்று மணித்தியாலம் விரிப்பு மடித்தால் வரும் காசு.

"உதவுமா?" என்று கேட்டேன்.
மருத்துவர் ஏபிஷருக்குப் பொய் வராது.
தரையில் முழங்காலிட்டு
ஃபினெட்டின் தொடையை மடக்கி நீட்டியபடி சொன்னார்:
உதவும் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள்.
உதவாது என்று எழுதியவர்கள்
கொஞ்சம் கவனமாக எண்ணியிருக்கிறார்கள்.
கெடுதல் அநேகமாக இல்லை.
முதலில் மூன்று கிலோ குறையுங்கள்.

என் வயிற்றைப் பார்த்துக்கொண்டேன்.
அவர் நாயைச் சொன்னார்.

குருத்தெலும்பு.
தேய்ந்தால் தேய்ந்ததுதான் என்றிருக்கும் ஒன்றுக்கு
எந்த மகராசன் குருத்து என்று பேர் வைத்தான்?
வெட்டிய வாழை மறுநாளே எட்டிப்பார்க்கும்.
இது பார்க்காது.

பீல் நகரம், மடிரெச் பகுதி, லிஃப்ட் இல்லாத கட்டடம்.
நாற்பத்து மூன்று படி.
ஒரு கொப்பி வாங்கினேன்.
காலையில் ஒரு கரண்டித் தூள்,
மாலையில் கீழிருந்து கதவுவரை எத்தனை விநாடி.

நவம்பர் 4. எழுபத்தொன்று. இரண்டாம் மாடியில் நின்றாள்.
நவம்பர் 9. எழுபது. ஏரிப்பக்கம் ஒரே புகார்.
நவம்பர் 18. அறுபத்து மூன்று!
நவம்பர் 26. ஐம்பத்தெட்டு. நிற்கவே இல்லை. வாலையும் ஆட்டினாள்.

ஆரிடம்தான் சொல்லவில்லை?
கீழ்வீட்டு அஞ்சல்காரரிடம்,
லொசானில் படிக்கும் மகளிடம்,
விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் ஸ்லாவிட்சாவிடம்.
அவளிடமும் ஒரு கிழட்டு நாய்.
அன்றைக்கே ஒரு டின் வாங்கினாள்.

பரராசனிடம் இரவு, படுக்கையில்.
அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக் கதைத்தார்:
"அந்தத் தூள் பத்தாம் திகதியே தட்டுப்பட்டுக் கொட்டிப்போச்சு.
அறுபத்தெட்டுப் பிராங். சொல்லப் பயம்.
அவிச்ச மாவை நிரப்பி வைச்சனான்.
மணத்துக்குக் கொஞ்சம் கருவாட்டுத் தூள்."

பிட்டு மாவில்
என் நாய் பதின்மூன்று விநாடி இளைத்திருக்கிறது.

மட்டி என்றால் சிப்பிக்குள் கிடக்கும் சீவன்.
மட்டி என்றால் இன்னொன்றும் உண்டு.
கட்டிலில் விழித்துக் கிடந்தது அதுதான்.

விடிந்ததும் கொப்பியை எடுத்துப் பார்த்தேன்.
விநாடி எண்ணியது என் பெருவிரல்,
நல்ல செய்திக்காகக் காத்திருந்த விரல்.
எடைத்தட்டில் இரண்டு கிலோ குறைந்திருந்தாள், அதுவும் உண்மை.
பிறகு அந்த இரண்டாம் மாடி.
கைப்பிடியில் சாய்ந்து, சந்தைப் பையை இறக்கி,
வழமையாக மூச்சு வாங்குகிறவள் நான்.
பதினெட்டாம் திகதிக்குப் பிறகு
சந்தோசத்தில் நான் நிற்காமல் ஏறியிருக்கிறேன்.
அதற்கு முன்
யாருக்காக யார் நின்றார்கள்?
ஃபினெட்டைக் கேட்டேன்.
கருவாட்டு டின்னைப் பார்த்து நாக்கை நீட்டினாள்.

இன்று சலவைக்கூடத்தில்
ஆவிக்கு மேலால் ஸ்லாவிட்சா கத்தினாள்:
நேற்று என் நாய் தானாகவே சோபாவில் ஏறிவிட்டது,
இரண்டு வருசத்துக்குப் பிறகு!
அவள் கண் கலங்கியிருந்தது.

நான் இரண்டு மூலையைப் பிடித்தேன்,
அவள் இரண்டு.
இழுத்து, உதறி,
கிட்ட வந்து விளிம்போடு விளிம்பு சேர்த்தோம்.
ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த விரிப்பை எடுத்தேன்.